ஓடிக்கொண்டிருக்கும் போனில் பேட்டரியைக் கழற்றினால் எது கெடும், எது கெடாது?

கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். 2015 வாக்கில் வாங்கிய ஆண்ட்ராய்டு போன், பின்மூடியை நகத்தால் நெம்பினால் பேட்டரி கையோடு வந்துவிடும் ரகம். அம்மா வைத்திருக்கிறார். ஹேங் ஆகும்போதெல்லாம் பேட்டரியைக் கழற்றி, ஒரு ஊது ஊதி, திரும்ப மாட்டிவிடுகிறார். இதுவரை ஒன்றும் ஆகவில்லை. தம்பியோ "இப்படிப் பண்ணினால் போர்டு எரிந்துவிடும்" என்று சண்டை போடுகிறார். யார் சொல்வது சரி? சார்ஜில் இருக்கும்போது கழற்றினால் வெடிக்குமா?

கழற்றக் கூடாது என்பதில் தம்பி பக்கம் நியாயம் இருக்கிறது. அவர் சொல்லும் காரணம்தான் அநேகமாகத் தவறு. லித்தியம் அயன் பேட்டரியைக் கழற்றினால் அதன் மேல் இருந்த சுமை நீங்குகிறது, அவ்வளவுதான். அதனால் பேட்டரி கெடாது, ஆயுளும் குறையாது. போர்டில் மின்சாரத்தைப் பங்கிட்டுத் தரும் சிப்பான பவர் ஐசியோ, மின்னழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே போனால் எல்லாவற்றையும் அணைத்துவிடும்படி வடிவமைக்கப்பட்டது. பேட்டரி முழு சார்ஜில் தருவதே 4.2 வோல்ட் சுமார்தான். அது சட்டென்று பூஜ்யமாவதால் எந்த சிப்பும் கருகிவிடாது. அடிபடுவது உள்ளே எழுதி வைத்திருக்கும் தகவல். கழற்றிய கணத்தில் போன் எதையாவது எழுதிக்கொண்டிருந்ததா, எதை எழுதியது என்பதைப் பொறுத்து ஒன்றுமே ஆகாமலும் போகலாம், பல வருடப் போட்டோக்களும் போகலாம். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை என்பதால்தான் இந்தப் பழக்கம் இத்தனை காலம் நீடிக்கிறது.

பழக்கம் வந்த வழியைப் பார்த்தால் அம்மாவைக் குறை சொல்ல முடியாது. 2003-இல் நோக்கியா 1100 வந்தபோது பேட்டரியைக் கழற்றி மாட்டுவதுதான் ஊர் முழுக்கத் தெரிந்த ஒரே வைத்தியம். சிம் கார்டே பேட்டரிக்கு அடியில்தான் இருந்தது. சிம்மை மாற்ற வேண்டும் என்றால் பேட்டரியை எடுத்தே ஆக வேண்டும். அந்த போன் எழுதும் வேலையும் மிகக் குறைவு. நம்பர் சேமித்தால் எழுதும், மெசேஜ் வந்தால் எழுதும். மீதி நேரமெல்லாம் மெமரியில் ஏற்கெனவே இருப்பதைப் படித்துக்கொண்டிருக்கும், அவ்வளவே. எழுதாதபோது மின்சாரம் போனால் எதுவும் பாழாகாது. எனவே அந்த போன்களுக்கு அந்த வைத்தியம் பாதகமில்லாமல் பொருந்தியது.

ஆண்ட்ராய்டு போன் அப்படிப்பட்டது இல்லை. திரை அணைந்து மேஜையில் கிடக்கும்போதும் எழுதிக்கொண்டே இருக்கும். வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ அனுப்பிய காலை வணக்கம் படம் இறங்கும், பிளே ஸ்டோர் ஏதோ ஆப்பை அப்டேட் செய்யும், மெயில் ஒத்திசையும், லாக் ஃபைல்கள் வளரும். அதிலும் ஹேங் ஆன நேரம்தான் மோசமான நேரம். பழைய போன் ஹேங் ஆவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, மெதுவான சேமிப்பு சிப் எழுதி முடிக்கட்டும் என்று மற்ற எல்லாமே வரிசையில் நிற்பது. அதாவது சிப் மும்முரமாக எழுதிக்கொண்டிருக்கும் வேளையைத் தேடிப் பிடித்துப் பேட்டரியை உருவுகிறோம்.

அந்த சிப்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். இந்த ரக போன்களில் இருப்பது இஎம்எம்சி என்ற சேமிப்பு சிப். உள்ளே இருப்பது நாண்ட் ஃபிளாஷ் மெமரி. அதில் ஒரு பக்கத்தை (ஒரே தடவையில் எழுதும் அளவு) எழுத ஒரு மில்லி செகண்டை ஒட்டிய நேரம் ஆகும், பல பக்கங்கள் சேர்ந்த ஒரு பிளாக்கை அழிக்கச் சில மில்லி செகண்ட். இடையில் மின்சாரம் போனால் அரைகுறை மின்னூட்டத்தோடு அந்தப் பக்கம் நின்றுவிடும். புதிதாக எழுத வந்தது போகும் என்பது யாரும் எதிர்பார்ப்பதுதான். எதிர்பாராதது ஒன்று உண்டு. ஒரே செல்லில் இரண்டு பிட்களை வைக்கும் எம்எல்சி வகையில் அந்த இரண்டு பிட்களும் வெவ்வேறு பக்கங்களைச் சேர்ந்தவை. முதல் பக்கம் எப்போதோ எழுதி முடிந்து பத்திரமாக இருக்கும். இரண்டாவது பக்கத்தை எழுதும்போது மின்சாரம் போனால் அந்த முதல் பக்கமும் சிதையலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியகோ வளாகத்து ஆய்வாளர்கள் 2011-இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். "நான் அப்போது எதையும் சேவ் செய்யவில்லையே, பழைய போட்டோ எப்படிப் போனது?" என்று கேட்பவர்களுக்கு இதுவும் ஒரு பதில்.

இன்னொரு அடுக்கும் உண்டு. எந்தத் தகவல் எந்த மூலையில் இருக்கிறது என்று சிப் தனக்கென்று ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. தேய்மானம் சீராகப் பரவ வேண்டும் என்பதற்காகத் தகவல்களை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும், அட்டவணையையும் திருத்திக்கொண்டே இருக்கும். அடிபட்டது அந்த அட்டவணை என்றால் ஒரு ஃபைலோடு போகாது, சிப்பே திறக்காமல் போகலாம். 2013-இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகமும் எச்பி ஆய்வகமும் சேர்ந்து 15 எஸ்எஸ்டி டிரைவ்களுக்குத் திரும்பத் திரும்பத் திடீர் மின்வெட்டு கொடுத்துப் பார்த்தபோது 13 டிரைவ்கள் ஏதோ ஒரு வகையில் தப்பு செய்தன. சில பிட்கள் மாறியதிலிருந்து டிரைவே செத்துப்போனது வரை எல்லா வகையும் அதில் இருந்தது. அவை கம்ப்யூட்டர் டிரைவ்கள், போனில் இருப்பது அவற்றின் சின்னத் தம்பி. மெமரி வகை ஒன்றுதான்.

சிப்புக்கு மேலே ஆண்ட்ராய்டு. ஒரு ஆப் "சேவ் ஆகிவிட்டது" என்று சொன்ன உடனே அது சிப்புக்குப் போய்விடாது. ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸ் கெர்னல் அதை ரேமில் (மின்சாரம் போனால் அழிந்துவிடும் தற்காலிக மெமரி) வைத்திருந்து பிறகு எழுதும். அந்தப் "பிறகு" சில நொடிகள் வரை போகலாம். முறைப்படி அணைத்தால் ரேமில் தேங்கியிருப்பதையெல்லாம் எழுதி முடித்துவிட்டுத்தான் போன் அணையும். அணைக்கும்போது திரையில் சில நொடி சுற்றிக்கொண்டிருக்கிறதே, அந்த நேரத்தில் நடப்பவற்றில் இதுவும் ஒன்று. பேட்டரியை உருவினால் தேங்கியிருந்தது அப்படியே போகும்.

இதை எதிர்பார்த்துத்தான் எக்ஸ்ட்4 என்ற ஃபைல் சிஸ்டம் (ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) ஜர்னல் என்ற குறிப்பேடு வைத்திருக்கிறது. மளிகைக்கடையில் முதலில் சிட்டையில் குறித்துக்கொண்டு பிறகு பேரேட்டில் ஏற்றுவது போல, செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஜர்னலில் எழுதி, பிறகு உரிய இடத்தில் எழுதும். நடுவில் மின்சாரம் போனால் அடுத்த முறை போன் எழும்போது ஜர்னலைப் பார்த்துக் கணக்கை நேராக்கிவிடும். ஆனால் வழக்கமான அமைப்பில் ஜர்னலில் ஏறுவது ஃபைலின் பெயர், அளவு, இருக்குமிடம் போன்ற விவரங்கள் மட்டுமே, ஃபைலின் உள்ளடக்கம் ஏறாது. அதனால் போன் ஒழுங்காக எழும், கேலரியில் போட்டோவின் பெயரும் இருக்கும், தொட்டால் திறக்காது. விவரம் பார்த்தால் 0 பைட்.

ஆண்ட்ராய்டை எழுதியவர்கள் இந்த ஆபத்தை எவ்வளவு மதித்தார்கள் என்பதற்கு ஒரு சான்று. போனில் என்னென்ன ஆப்கள் இருக்கின்றன என்ற பட்டியல் பேக்கேஜஸ்.எக்ஸ்எம்எல் என்ற ஃபைலில் இருக்கும். அதைத் திருத்தும்போது பழையதை பேக்கேஜஸ்-பேக்கப்.எக்ஸ்எம்எல் என்று பெயர் மாற்றி ஒதுக்கிவிட்டு, புதியதை முழுதாக எழுதி முடித்த பிறகே பழையதை அழிக்கும்படி செய்தார்கள். பாதியில் மின்சாரம் போனால் பழையதை வைத்து எழலாம். தொடர்பு எண்களும் மெசேஜ்களும் இருக்கும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸிலும் இதே மாதிரி பாதுகாப்பு உண்டு. ஆனால் இந்த ஏற்பாடுகள் எல்லாமே கீழே இருக்கும் சிப் உண்மை பேசுகிறது என்று நம்பித்தான் நிற்கின்றன. எழுதிவிட்டேன் என்று சிப் சொல்லிவிட்டு எழுதாமல் விட்டிருந்தால், மேலே எத்தனை பேக்கப் இருந்தாலும் போன் கம்பெனி லோகோவிலேயே நின்று சுற்றும்.

எனக்கு இதைவிட அதிகக் கவலை மெமரி கார்டு பற்றி. 32 ஜிபி வரையிலான கார்டுகள் பெரும்பாலும் ஃபேட்32 என்ற ஃபைல் சிஸ்டத்தில் இருக்கும், அதற்கு மேல் எக்ஸ்ஃபேட். இரண்டிலும் ஜர்னல் கிடையாது. எந்த ஃபைல் எங்கே தொடங்கி எங்கே தொடர்கிறது என்ற சங்கிலியை எழுதும்போது மின்சாரம் போனால் சங்கிலி அறுந்ததுதான். ஃபோல்டருக்குள் போனால் படிக்கவே முடியாத கிறுக்கல் பெயர்களில் ஃபைல்கள், ஒவ்வொன்றும் 2 ஜிபி, 3 ஜிபி என்று காட்டும். போட்டோவைத் திறந்தால் மேல்பாதியில் கல்யாண வீட்டுக் கூட்டம், கீழ்பாதி சாம்பல் நிறம். கார்டில் லாஸ்ட்.டிர் என்று ஒரு ஃபோல்டர் இருப்பதைப் பலர் வைரஸ் என்று நினைத்து அழிப்பார்கள். போன் எழும்போது கார்டைச் சரிபார்த்து, சொந்தக்காரன் தெரியாமல் கிடக்கும் துண்டுகளைப் போட்டு வைக்கும் இடம் அது. உள்ளே வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட ஃபைல்கள் இருந்தால் சிலவற்றுக்கு .ஜேபிஜி என்று பெயர் மாற்றிப் பாருங்கள், படம் திறக்க வாய்ப்புண்டு.

கார்டு அடிபட்டு "ஃபார்மேட் செய்யவா?" என்று போன் கேட்டால் சரி கொடுத்துவிடாதீர்கள். கார்டை வெளியே எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டு, முதலில் போட்டோரெக் மாதிரி இலவச மீட்பு மென்பொருளால் படங்களை வேறு டிரைவுக்கு எடுங்கள். விண்டோஸில் கார்டைச் சரிசெய்யும் செக் டிஸ்க் ஓட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு. வரிசை மாறினால் மீட்கக்கூடியதையும் அது "சரிசெய்து" தொலைத்துவிடும்.

எந்தச் சூழலிலும் பேட்டரியில் கை வைக்கவே கூடாத நேரங்கள் சில உண்டு. சாஃப்ட்வேர் அப்டேட் நடக்கும்போது, ஃபேக்டரி ரீசெட் நடக்கும்போது, போனை என்க்ரிப்ட் செய்யும்போது (தகவல்களை மறைகுறியாக மாற்றிப் பூட்டும்போது). என்க்ரிப்ட் செய்யத் தொடங்கும் முன் ஆண்ட்ராய்டே, இடையில் நிறுத்தினால் தகவல்களை இழப்பீர்கள் என்று எச்சரிக்கும். சாம்சங் போன்களில் சாஃப்ட்வேரை ஏற்றும் டவுன்லோடு மோடில் "டூ நாட் டர்ன் ஆஃப் டார்கெட்" (போனை அணைக்காதீர்கள்) என்று இரண்டு ஆச்சரியக்குறியோடு எழுதியிருக்கும். 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், சிஸ்டத்தை இரண்டு பிரதிகளாக வைத்து ஓடாத பிரதியை அப்டேட் செய்யும் முறை வந்தது. அதில் பாதியில் அணைந்தாலும் பழைய பிரதி இருக்கும். 2015 போனில் அது கிடையாது. அதில் அப்டேட்டின்போது, போனை எழுப்பும் முதல் நிரலான பூட்லோடர் பாதி எழுதிய நிலையில் பேட்டரியை எடுத்தால் லோகோகூட வராது. போர்டில் டெஸ்ட் பாயிண்டை (பழுது பார்ப்பதற்கான தொடுபுள்ளி) தேடிப் பிடித்து எழுப்பும் வசதி உள்ள சர்வீஸ் கடைக்குத்தான் போக வேண்டும்.

அடுத்து சார்ஜ் கேள்வி. வெடிக்காது. சார்ஜிலிருந்து பிரிந்து கையில் இருக்கும் பேட்டரி, மாட்டியிருக்கும் பேட்டரியைவிடச் சாதுவானது. ஷாக்கும் அடிக்காது, அங்கே இருப்பது 5 வோல்ட். சார்ஜில் போட்டிருக்கும்போது போனைத் தொட்டால் சுருசுரு என்று இருக்கிறது என்றால் அது சார்ஜரின் கோளாறு, அதைத் தூக்கிப் போடுங்கள். இந்த ரக போனில், போர்டு எரியும் என்று தம்பி சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கும் ஒரே இடமும் இதுதான். 2ஜி-யில் பேசும்போது போன் தொடர்ச்சியாக மின்சாரம் இழுக்காது. நொடிக்கு சுமார் 217 முறை, ஒவ்வொரு முறையும் மில்லி செகண்டில் பாதிக்குச் சற்று அதிக நேரம், 2 ஆம்பியர் வரை விழுங்கும். பழைய சார்ஜர் அரை ஆம்பியரோ ஒரு ஆம்பியரோதான் தரும். நடுவில் இருந்து அந்தப் பற்றாக்குறையைச் சரிக்கட்டுவது பேட்டரி. அதை எடுத்துவிட்டால் மின்னழுத்தம் ஏறி இறங்கும், போன் அணைந்து எழுந்து, திரும்ப அணைந்து எழும். ஒவ்வொரு முறையும் மேலே சொன்ன எழுத்துச் சிக்கல்தான். மட்டமான சார்ஜராக இருந்தால், சுமை சட்டென்று நீங்கும்போது அதன் மின்னழுத்தம் ஒரு துள்ளு துள்ளும். சார்ஜிங் ஐசி அதில் போவதும் உண்டு. எனவே கழற்றியே ஆக வேண்டும் என்றால் முதலில் சார்ஜர் பின்னை உருவுங்கள்.

ஒரு சின்ன விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், பேட்டரிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. முறைப்படி அணைக்கும்போது போன் "நான் போகிறேன்" என்று நெட்வொர்க்குக்குச் சொல்லிவிட்டுத்தான் அணையும். அதனால் அழைப்பவருக்கு "சுவிட்ச் ஆஃப்" என்று வரும். பேட்டரியை உருவினால் அந்தத் தகவல் போகாது. நெட்வொர்க் தேடிப் பார்த்துவிட்டுத் "தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்" என்று சொல்லும். போன் அவ்வப்போது தன் இருப்பைத் தெரிவிக்க வேண்டிய தவணை தாண்டிய பிறகுதான் நெட்வொர்க் ஒரு முடிவுக்கு வரும். கடன்காரருக்குப் பயந்தவர்கள் ஒரு காலத்தில் இந்த வித்தையை நன்றாகவே பயன்படுத்தினார்கள்.

இயந்திரத் தேய்மானமும் உண்டு. பேட்டரியைத் தொடும் அந்த மூன்று நான்கு ஸ்பிரிங் பின்கள் தினமும் கழற்றி மாட்டத் தளர்ந்துவிடும். பிறகு போனை மேஜையில் கொஞ்சம் வேகமாக வைத்தாலே அணையும். உடனே பேட்டரிக்குப் பக்கத்தில் பஸ் டிக்கெட்டை மடித்துச் செருகுவார்கள். கழற்றத் தொடங்கிய பழக்கம், கழற்றாமலே கழன்றுகொள்ளும் நிலையில் கொண்டுவந்து விடும். கழற்றிய பேட்டரியைச் சில்லறையோ சாவியோ கிடக்கும் பாக்கெட்டில் போடாதீர்கள். பின்கள் ஷார்ட் ஆனால் சூடேறும். நல்ல பேட்டரியில் பாதுகாப்பு சர்க்யூட் துண்டித்துவிடும், டூப்ளிகேட்டில் அது இருக்கும் என்று சொல்ல முடியாது. மாட்டிய பிறகு தேதி பின்னால் போவதும், சார்ஜ் 60-இலிருந்து 45-க்குக் குதிப்பதும் பெரிய விஷயமில்லை. போன் மின்னழுத்தத்தைப் பார்த்துப் புதிதாக மதிப்பிடுகிறது, அவ்வளவுதான்.

இத்தனை சொன்னாலும், தகவல் போனால் போகட்டும் என்று உடனே உருவ வேண்டிய நேரங்கள் இருக்கின்றன. போன் தண்ணீரில் விழுந்தால் முறைப்படி அணைத்துக்கொண்டிருக்க வேண்டாம், எடுத்ததும் பேட்டரியைக் கழற்றுங்கள். ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் செம்புத் தடங்கள் அரிக்கத் தொடங்கும், ஒவ்வொரு நிமிடமும் கணக்குதான். கையில் பிடிக்க முடியாத சூடு, பின்மூடியைத் தள்ளும் வீக்கம், இனிப்பான கெமிக்கல் வாடை, இவற்றிலும் அப்படியே. 2007 ஆகஸ்டில் நோக்கியா தன் பிஎல்-5சி பேட்டரிகளில் 4.6 கோடியைச் சார்ஜ் ஏறும்போது ஷார்ட் ஆகிச் சூடேறலாம் என்று எச்சரித்து, இலவசமாக மாற்றித் தர முன்வந்தபோது, மக்கள் பேட்டரியைக் கழற்றிப் பின்னால் இருந்த எண்ணைப் பார்த்துத்தான் தங்களுடையது அதில் ஒன்றா என்று தெரிந்துகொண்டார்கள். புகையோ சீறலோ தொடங்கிவிட்டால் மட்டும் கழற்றப் போகாதீர்கள். போனோடு சிமெண்ட் தரையில் விட்டு விலகுங்கள்.

ஹேங் ஆனால் என்ன செய்வது? முதலில் ஒரு நிமிடம் சும்மா விடுங்கள், பாதி நேரம் அதுவே எழுதி முடித்து விடுபடும். இல்லையென்றால் பவர் பட்டனை 10, 15 நொடி அழுத்திப் பிடியுங்கள். சில போன்களில் வால்யூம் கீழ் பட்டனையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். இதுவும் ரேமில் இருப்பதைக் காப்பாற்றாது. ஆனால் பவர் ஐசி வழியாக நடப்பதால் மின்சாரம் ஒரு ஒழுங்கில் நிற்கும், அல்லது ரீசெட் மட்டும் நடக்கும். பாதி எழுதிய பக்கத்தோடு சிப் நிற்கும் வாய்ப்பு குறைவு. அதற்கும் மசியவில்லை என்றால் பேட்டரியை எடுங்கள், தவறில்லை. அரை நிமிடம் கழித்து மாட்டுங்கள். போன் எழுந்ததும் இரண்டு மூன்று நிமிடம் எதையும் தொடாமல் விடுங்கள்.

பேட்டரி உள்ளேயே மூடப்பட்ட புதிய போன்களில் இந்தப் பிரச்சினை கடைக்கு இடம் மாறியிருக்கிறது. டிஸ்பிளே மாற்றக் கொடுக்கும்போது போனை நீங்களே அணைத்துக் கொடுங்கள். திறந்ததும் முதலில் கழற்ற வேண்டியது பேட்டரி கனெக்டர், மூடும்போது கடைசியாக மாட்ட வேண்டியதும் அதுதான். எல்சிடி பேக்லைட் ஓடுவது சுமார் 20 வோல்ட்டில். பேட்டரி இணைப்பில் இருக்கும்போது டிஸ்பிளே கனெக்டரைச் சாய்வாக மாட்டினால் அந்த 20 வோல்ட் பக்கத்துப் பின்னுக்குத் தாவி பேக்லைட் சர்க்யூட் போய்விடும். இங்கே மட்டும் தம்பியின் "போர்டு எரியும்" நூற்றுக்கு நூறு சரி.

கடைசியாக அம்மாவின் போன். 2015 போன் என்றால் அநேகமாக 8 அல்லது 16 ஜிபி. ஹேங் ஆவதற்கு முதல் சந்தேகம் இடமின்மைதான். ஃபிளாஷ் சிப் நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் படுத்துவிடும். முதல் வேலையாகப் போட்டோக்களையும் தொடர்பு எண்களையும் வேறு இடத்துக்கு நகலெடுங்கள். பிறகு வாட்ஸ்அப்பில் தானாக இறங்கும் படம், வீடியோவை நிறுத்தி, பழையவற்றை அழித்து, குறைந்தது 2 ஜிபி காலியாக இருக்கும்படி பாருங்கள். மெமரி கார்டைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். ஹேங் நின்றுவிட்டால் குற்றவாளி கார்டு, புதியது வாங்குங்கள். இதற்கெல்லாம் பிறகும் தினமும் ஹேங் ஆகிறது என்றால் உள்ளே இருக்கும் சிப் தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த போனுக்கு இனிமேல் புது பேட்டரி, புது பின்மூடி என்று செலவு செய்ய வேண்டாம்.